தோள்மேல் போன ஜெபவீடு

1

சென்ற மாதம் என் தங்கை கிரேஸ், கணவரோடு பாளையங்கோட்டையிலிருந்து பினாங்கு பார்க்க வந்திருந்தாள். கொடிமலை ரயில், தண்ணீர்மலைக் கோயில், கடல்மேல் கால் ஊன்றி நிற்கும் சீனர்களின் பலகை வீடுகள் என்று எல்லாவற்றையும் பார்த்து முடித்தார்கள். ஞாயிற்றுக்கிழமை எங்கள் கோயிலுக்கு வருவதாகச் சொன்னாள். பாய் விரிக்கும் முறை அன்று என்னுடையது என்பதால் நான் முன்னதாகவே போய்விட்டேன். சந்தின் பெயரைச் சொல்லி, வந்து சேர்ந்துகொள் என்றேன்.

ஆராதனை தொடங்கப் போகும் நேரத்தில் அழைத்தாள்.

"அக்கா, இந்தச் சந்துல ரெண்டு தடவை நடந்துட்டோம். ஊதுபத்திக் கடை இருக்கு, பணம் மாத்துற கடை இருக்கு. கோயிலைத்தான் காணோம்."

நான் எட்டிப் பார்த்தேன். எங்கள் வாசலுக்கு நேர் முன்னால், எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, அண்ணாந்து கோபுரம் தேடிக்கொண்டிருந்தாள்.

"திரும்பிப் பாருடி," என்றேன்.

திரும்பினாள். கடைவரிசைக்கு நடுவில் ஒரு கடைபோல நிற்கும் மஞ்சள் சுவரையும், பலகைக் கதவையும், உள்ளே பாயில் உட்கார்ந்திருந்த எங்களையும் பார்த்தாள்.

"இதுவா?" என்றாள்.

அவளைக் குறை சொல்ல முடியாது. எங்கள் ஊர்ப்பக்கம் கோயில் என்றால் அது வானத்திலிருந்துதான் தொடங்கும். பஸ் ஊருக்குள் நுழைவதற்கு முன்பே கோபுரம் தெரிந்துவிடும். பினாங்குக்குக் கல்யாணமாகி வந்த புதிதில் நானும் இப்படித்தான் கேட்டேன். என் கணவர் சாலமன் அப்போது சிரித்தாரே தவிர விளக்கம் எதுவும் சொல்லவில்லை. இத்தனை வருடத்தில் நானே தெரிந்துகொண்டதை இங்கே எழுதி வைக்கிறேன். அந்த "இதுவா"வுக்கு இது கொஞ்சம் நீளமான பதில்.

2

பினாங்கில் எல்லாரும் எங்களுடையதைத் தனிச்சபை என்பார்கள். எந்த மிஷனையும் சேர்ந்தது இல்லை, எந்தப் பேராயரும் இல்லை. சபையைத் தொடங்கியவர் ஞானமுத்து என்ற கிராணி. தோட்டத்திலும் துறைமுகத்திலும் கணக்கு எழுதுபவர்களை இங்கே அப்போது கிராணி என்றுதான் சொல்வார்கள். வெள்ளைக்காரன் காலம் அது. அன்றைக்கு அவர் போய்க்கொண்டிருந்த ஆலயத்தில் யார் எந்த வரிசையில் உட்காருவது என்பதற்கு ஒரு முறை இருந்தது. முதலில் துரைமார், அடுத்து கிராணிமார், கடைசியில் வாசலை ஒட்டி, மழைச்சாரல் அடிக்கும் இடத்தில், மூட்டை தூக்குகிறவர்களும் பால்மரம் வெட்டி ரப்பர்ப்பால் எடுக்கிறவர்களும்.

ஞானமுத்து கிராணிக்கு முன்பக்கத்தில் நல்ல இடம் இருந்தது. அவருக்கு அங்கே ஒரு குறையும் இல்லை. இருந்தும் ஒரு ஞாயிற்றுக்கிழமை எழுந்து பின்வரிசைக்குப் போய் உட்கார்ந்தார். அங்கே உட்காரக் கூடாது என்று சொன்னார்கள். எழுந்து வெளியே வந்தார். பின்வரிசை முழுவதும் அவரோடு எழுந்து வந்துவிட்டது. சபையில் இந்தக் கதையைப் பலவிதமாகச் சொல்வார்கள். சிலர் சொல்லும்போது பாட்டுப்புத்தகங்கள் பறக்கும், சிலர் சொல்லும்போது துரை மன்னிப்புக் கேட்பார். நான் எளிமையானதை நம்புகிறேன்.

நான் இங்கே ஒரு கட்டடக்கலை அலுவலகத்தில் வரைபடம் வரைகிறேன். பழைய கடைவீடுகளைப் பழுது பார்ப்பதுதான் எங்கள் அலுவலகத்தின் பிழைப்பு. அந்தத் தொழில் கண்ணோடு எங்கள் ஆலயத்தைப் பார்த்தபோதுதான் ஒன்று பிடிபட்டது. வெளியே வந்தவர்கள் இன்னொரு ஆலயம் கட்டுவதோடு நின்றுவிடவில்லை. வரிசை என்பதே இல்லாத ஓர் ஆலயத்தை யோசித்துக் கட்டியிருக்கிறார்கள்.

ஆலயம் என்றால் நீளமான கூடம், அதன் கோடியில் பீடம் என்பது வழக்கம். எவ்வளவு நீளமோ அவ்வளவு முன்னும் பின்னும் இருக்கும். இவர்கள் பிரசங்க மேடையைக் கோடியில் வைக்காமல் நீளமான பக்கச் சுவரின் நடுவில் வைத்தார்கள். மற்ற மூன்று பக்கமும் கதவு வைத்தார்கள். எந்தக் கதவால் வந்தாலும் மேடை பக்கத்தில்தான். பெஞ்சு கிடையாது, எல்லாருக்கும் பாய். மேடையும் ஒரு சாண் உயரம்தான். பிரசங்கி நின்றால் உட்கார்ந்திருப்பவனைவிடக் கொஞ்சம் உயரம், உட்கார்ந்தால் சமம்.

பினாங்குத் தீவின் நகரமான ஜார்ஜ்டவுனில் இருக்கும் இந்த ஆலயத்துக்குக் கோபுரம் வைக்க இடமும் இல்லை, அனுமதியும் இல்லை. ஒரு கடைவீட்டை வாங்கி உள்ளே மாற்றிக்கொண்டார்கள். இரு பக்கமும் அண்டைக் கடைகள் என்பதால் இங்கே மட்டும் கதவு முன்னும் பின்னும்தான். நடுவில் நம் ஊர் முற்றம் போலத் திறந்த வெளி இருக்கிறது. பிரசங்கத்தின் நடுவே மழை வந்தால் அது உள்ளேயே பெய்யும். பேசுகிறவர் நிறுத்திவிடுவார். மழை ஓயும்வரை எல்லாரும் அதைப் பார்த்துக்கொண்டிருப்போம். எனக்கு ஞாயிற்றுக்கிழமையில் மிகப் பிடித்த நேரம் அதுதான்.

கடல் தாண்டிப் பெருநிலத்துப் பக்கம், தோட்டங்களில், தனிச்சபைக்கு ஒரு காலத்தில் நிறைய ஜெபவீடுகள் இருந்தன. கிடைத்ததை வைத்துக் கட்டியவை. ஒன்று ரப்பர்த் தகடு காயவைத்த பழைய புகைவீடு. அதில் பாட்டுப் பாடி முடித்து வீட்டுக்கு வந்தாலும் சட்டையில் புகைவாசம் போகாதாம். இன்னொன்று கடலோரத்தில் சேற்றில் ஊன்றிய மரக் கால்களின்மேல் நின்றதாம். எல்லாவற்றிலும் மேடை நீளச் சுவரின் நடுவில், மூன்று பக்கம் கதவு. தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்டபோது ஜெபவீடுகளும் ஒவ்வொன்றாகப் போயின. நான் வந்த காலத்தில் மிஞ்சியிருந்தது ஒன்றே ஒன்று, சுங்கை பாக்காப்புக்குப் பக்கத்தில் எண்ணெய் எடுக்கும் செம்பனை மரத் தோட்டம் ஒன்றில் இருந்தது. அதைப் பற்றித்தான் சொல்ல வந்தேன்.

3

அதற்கு முன் என் மகளைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

ரேச்சல் கல்லூரியில் படிக்கிறாள். வீட்டில் நான் தமிழில் கேட்பேன், அவள் ஆங்கிலத்தில் பதில் சொல்வாள். கோபம் வந்தால் மலாய். எந்த மொழியானாலும் வாக்கியத்தின் கடைசியில் இந்த ஊர் "லா" ஒன்று ஒட்டிக்கொள்ளும். தொலைபேசியில் தாத்தாவோடு பேசச் சொன்னால் "நல்லா இருக்கேன் தாத்தா, சாப்டேன் தாத்தா" என்ற இரண்டு வாக்கியங்களுக்குப் பிறகு கருவி என் கைக்கு வந்துவிடும். பள்ளி முடித்த வருடம் தனிச்சபைக்கு வருவதை நிறுத்திவிட்டாள். பேரங்காடியின் மேல்மாடியில் ஆங்கிலத்தில் நடக்கும் ஓர் ஆராதனைக்குப் போகிறாள். டிரம்ஸ், வண்ண விளக்கு, குளிர்சாதனம்.

"ஏன்டி, நம்ம கோயிலுக்கு என்ன குறை?"

"குறைலாம் இல்லமா. தரையில ரெண்டு மணி நேரம், கால் மரத்துப் போய்டுது லா. அவங்க பேசுற தமிழும் எனக்குப் பாதி புரியல."

சாலமன், "கோயிலுக்குத்தானே போறா, கெட்டுப் போகலையே" என்பார். அவர் சொல்வது சரி. எனக்குத்தான் ஒவ்வொரு ஞாயிறும் ஒரே வீட்டிலிருந்து இரண்டு வண்டி இரண்டு திசையில் கிளம்புவது என்னவோபோல் இருக்கும்.

4

போன வருடம் அந்தத் தோட்டத்தை வீடமைப்புக்காக விற்றார்கள். ஜெபவீட்டை அப்புறப்படுத்தச் சொல்லி வாங்கியவர்களிடமிருந்து அறிவிப்பு வந்தது. கடுமையாக எதுவும் சொல்லவில்லை, அவகாசமும் கொடுத்திருந்தார்கள். நிலம் நம்முடையது இல்லை என்பது எல்லாருக்கும் தெரிந்ததுதான். தோட்டச் சாலைக்கு அந்தப் பக்கம், தமிழ்ப்பள்ளித் திடலைத் தாண்டி, பாலர் பள்ளி கட்டலாம் என்று சபை எப்போதோ வாங்கிப் போட்ட ஒரு துண்டு நிலம் இருந்தது. அங்கே பிறகு புதிதாக ஒன்று கட்டிக்கொள்ளலாம், இப்போதைக்குப் பழையதைக் கழற்றி மரத்தைப் பத்திரப்படுத்துவோம் என்று மூப்பர்கள் முடிவு செய்தார்கள். கழற்றுவதற்கு முன் அளந்து வரைந்து வைக்கும் வேலை என்னிடம் வந்தது.

அளவுநாடாவின் மறுமுனையைப் பிடிக்க ஒரு ஆள் வேண்டும். சாலமனுக்குத் தொழிற்சாலையில் பகல் ஷிப்டு. மதியம் நல்ல மீன்கறிச் சாப்பாடு வாங்கித் தருவதாகச் சொல்லி ரேச்சலைக் கூட்டிக்கொண்டு போனேன்.

எங்களுக்குக் கதவைத் திறந்துவிட்டவர் அன்னம்மா அக்கா. தமிழ்ப்பள்ளிச் சிற்றுண்டிச்சாலையில் சமைக்கிறவர், கூட்டிப் பெருக்கி ஜெபவீட்டைப் பார்த்துக்கொள்கிறவரும் அவர்தான். நான் இந்தியாவிலிருந்து வந்தவள் என்பதால் என்னை ஊர்க்காரம்மா என்று கூப்பிடுவார்.

வெளியிலிருந்து பார்த்தால் அது ஒரு மலாய்க்காரர் வீடுபோல் இருக்கும். யுத்தம் முடிந்து ஜப்பான்காரன் போன பிறகு, சயாமுக்கு ரயில்பாதை போட அவன் பிடித்துக்கொண்டு போனவர்களில் உயிரோடு திரும்பியவர்கள் சேர்ந்து கட்டியது. அவர்களுக்கு மரவேலை தெரியாது. பக்கத்துக் கம்பத்திலிருந்து, அதாவது மலாய்க்கார ஊரிலிருந்து, ஒரு தச்சரைக் கூப்பிட்டார்கள். அவருக்குக் கோயில் கட்டத் தெரியாது. தெரிந்த மாதிரி வீடாகக் கட்டிக் கொடுத்துவிட்டார். தரையிலிருந்து இடுப்புயரம் தூக்கிய பலகைத் தளம். வைரம் பாய்ந்த கனத்த மரத்தில் தூண்கள். ஒவ்வொரு கதவுக்கு மேலும் காற்று வர ஒரு சித்திரப் பலகை.

அந்தப் பலகையை ரேச்சல்தான் முதலில் கவனித்தாள். அலுத்துப்போய்த் தளத்தில் மல்லாந்து படுத்திருந்தவள், "மா, அது என்ன பழம்? லங்சாட்டா?" என்றாள்.

லங்சாட் இங்கே கிடைக்கும் பழம். சின்னதாய், உருண்டையாய், மண்நிறத்தில் கொத்துக் கொத்தாகக் காய்க்கும். அன்னம்மா அக்கா சிரித்தார்.

"அது திராட்சக்கொடிம்மா. பைபிள்ல வர்றதுதான். அந்தத் தச்சருக்கு நம்ம ஆளுங்க எடுத்துச் சொன்னாங்களாம், சின்ன உருண்டப் பழம், கொத்தா தொங்கும்னு. அவரு திராட்சய எங்க கண்டாரு? அவரு கண்டது லங்சாட்டு."

ரேச்சல் விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு எழுந்து ஒவ்வொரு கதவாகப் போய்ப் படம் எடுக்க ஆரம்பித்தாள். நான் ஒரு பலகைக்குக் கீழே நின்று உற்றுப் பார்த்தேன். தன் வேதம் இல்லாத ஒரு வேதத்தின் பழத்தை, கண்ணால் காணாமல், அவ்வளவு சிரத்தையாக, இலையின் நரம்புகூட விடாமல் செதுக்கியிருக்கிறார் அந்த மனிதர்.

நான் தளத்துக்கு அடியில் குனிந்து போய்ப் பார்த்தேன். தூண்கள் மண்ணில் புதைக்கப்படவில்லை. ஒவ்வொன்றும் ஒரு கல்மேல் சும்மா உட்கார்ந்திருந்தது. உத்திரமும் தூணும் சேரும் இடத்தில் ஆணி இல்லை, மரத்தாலான ஆப்பு மட்டும். கழற்றுவது சுலபம் என்று குறித்துக்கொண்டேன். வெளியே வந்து அதைச் சொன்னபோது அன்னம்மா அக்காவின் முகம் மாறிவிட்டது.

"கழட்டிட்டு எங்கம்மா வெப்பீங்க?"

"ஜார்ஜ்டவுன் ஆலயத்துப் பின்கட்டுல. பத்திரமா இருக்கும் அக்கா. அனுமதி, பணம் எல்லாம் கூடி வந்ததும் திரும்பக் கட்டிடலாம்."

"என் வீட்டையும் இப்டித்தான் சொன்னாங்க. தோட்டத்து லய வீடுங்கள ஒடச்சாங்க, சாமான லோரியில ஏத்துனாங்க. இப்ப மலிவு வீட்டு மாடியில குந்திக்கிட்டு இருக்கேன். அந்தப் பலகைங்க எங்க போச்சோ. கழட்டுனது எதுவும் திரும்பக் கூடுனதில்ல ஊர்க்காரம்மா. இது ஒண்ணாவது முழுசா வரட்டும்."

முழுசாக எப்படி வரும் என்று எனக்குத் தெரியவில்லை. 

அந்த நேரத்தில் பாக் ஹமிட் மோட்டார்சைக்கிளில் வந்து நின்றார். பக்கத்துக் கம்பத்துக்காரர், எழுபது வயதுக்குக் குறையாது. இதைக் கட்டிய தச்சரின் உறவுக்காரர். ஜெபவீட்டுக்கு ஓட்டை அடைப்பது, பலகை மாற்றுவது எல்லாம் அவர்தான். அன்னம்மா அக்கா விஷயத்தைச் சொன்னார். அவர் ஏதோ மலாயில் வேகமாகச் சொன்னார். எனக்குப் பாதிதான் புரிந்தது. ரேச்சலைப் பார்த்தேன்.

"எதுக்குக் கழட்டணும், தூக்கிட்டுப் போய்டலாம்னு சொல்றாரு மா. அவங்க கம்பத்துல வீட்ட அப்டித்தான் மாத்துவாங்களாம். எல்லாரும் சேந்து தோள்ல வச்சு."

நான் சிரிக்கப் போனேன். அவர் சிரிக்கவில்லை. ரேச்சலும் சிரிக்கவில்லை. உடனே தன் கைபேசியில் தேடி ஒரு காணொளியைக் காட்டினாள். நெல்வயல் நடுவே ஒரு முழு வீடு, நூற்றுக்கணக்கான கால்களோடு, மெல்ல நடந்து போய்க்கொண்டிருந்தது.

5

அன்று இரவு உட்கார்ந்து கணக்குப் போட்டேன். கூரைத் தகரம், கதவுகள், தளப்பலகைகள் இவற்றை மட்டும் எடுத்துவிட்டால் மிச்ச எடையைத் தூக்க முந்நூறு பேராவது வேண்டும். தூக்கும்போது மரச்சட்டம் முறுக்கிக்கொள்ளாமல் இருக்கக் குறுக்கே மரம் கட்ட வேண்டும். எங்கே கட்டுவது என்று வரைந்து பாக் ஹமிட்டிடம் காட்டினேன். ஓர் இடத்தில் இன்னும் ஒன்று சேர்க்கச் சொன்னார், சேர்த்தேன். மற்றதெல்லாம் சரி என்றார். எனக்குத் தேர்வில் தேறியதுபோல் இருந்தது.

அனுமதி வாங்குவதுதான் பெரும்பாடாகிவிட்டது. அரசாங்க அலுவலகத்துக்கு நான் தனியாகவே போனேன். இத்தனை வருடம் இருந்துவிட்டு மகளைக் கூட்டிக்கொண்டு போனால் அசிங்கம் என்று நினைத்தேன். வழியெல்லாம் மலாய் வாக்கியத்தை மனப்பாடம் செய்துகொண்டு போய் முகப்பில் சொன்னேன். எங்கள் ஜெபவீட்டைப் "பிண்டா" செய்ய வேண்டும்.

பணிவாக வேறொரு முகப்புக்கு அனுப்பினார்கள். அங்கே எண் எடுத்துக் காத்திருந்தேன். அங்கிருந்தவர் பழைய வரைபடத்தின் பிரதி கேட்டார். இல்லை என்றேன். வரைபடமே இல்லாமல் எதைத் திருத்துவீர்கள் என்றார். நான் மறுபடியும் சொன்னேன், பிண்டா. அவர் மறுபடியும் வரைபடம் கேட்டார். மதியம் வரை இப்படியே போனது. வீட்டுக்கு வந்து சொன்னபோது ரேச்சல் தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"மா! பிண்டான்னா திருத்துறது. எடம் மாத்துறது பிண்டாஹ். கடைசியில மூச்சு விடணும். ஹ்."

"ஒரு ஹ்-தானே?"

"அந்த ஹ்-லதான் மா கோயில் நகரும்."

அடுத்த முறை அவளே வந்தாள். முகப்பில் இருந்த அதிகாரிக்கும் பாவம் வழி தெரியவில்லை. புதிய கட்டடம் என்றால் ஒரு விதி, பழைய கட்டடம் இருந்த இடத்திலேயே இருந்தால் ஒரு விதி. பழைய கட்டடம் நடந்து வேறு இடத்துக்கு வந்தால் எந்த விதியில் சேர்ப்பது? ரேச்சல் அவருக்கு அந்த லங்சாட் பலகையின் படத்தைக் காட்டினாள். கட்டிய தச்சர் யார், எந்தக் கம்பம், யாருக்காகக் கட்டினார், எல்லாம் சொன்னாள்.  என் மகள் வளர்ந்த மொழி எவ்வளவு அழகாக ஓடுகிறது என்று அன்றைக்குத்தான் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டேன். பெருமையாக இருந்தது. அந்த மொழியில் அவளுக்கு நான் யாரும் இல்லை என்பதும் கூடவே உறைத்தது.

அந்த அதிகாரி படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். "இது எங்கள் தாத்தா வீட்டு வாசலில் இருக்கும் வேலைப்பாடு மாதிரியே இருக்கிறது," என்றார். பிறகும் பல கையெழுத்துகள், பல நடைகள், இரண்டு தடவை அவகாச நீட்டிப்பு. ஆனால் அன்றையிலிருந்து அந்தக் கோப்பு எந்த மேசையிலும் தூங்காமல் அவர் பார்த்துக்கொண்டார். அனுமதி வந்தது.

6

தூக்கும் நாள் ஒரு சனிக்கிழமை. அக்கம்பக்கத்தில் எல்லாரிடமும் சொல்லியிருந்தோம், வருவார்களா என்று சாலையையே பார்த்துக்கொண்டு நின்றேன். தனிச்சபையில் தூக்கக்கூடிய தோள் உள்ளவர்கள் எல்லாரையும் சேர்த்தால் ஐம்பது தேறாது.

வந்தார்கள். கம்பத்திலிருந்து மலாய்க்காரர்கள் மோட்டார்சைக்கிள்களில் சாரிசாரியாக வந்தார்கள். தோட்டத்து மாரியம்மன் கோயில் நிர்வாகத்தினர் ஒரே நிறச் சட்டையில் வந்தார்கள். சாமான் கடைச் சீனர் கயிற்றுச் சுருள்களை இறக்கிப் போட்டுவிட்டு, கடையைச் சாத்திவிட்டுத் தானும் நின்றார். எப்போதோ இங்கே ஞானஸ்நானம் பெற்று, கோலாலம்பூர், ஜொகூர் என்று சிதறிப்போன குடும்பங்கள் கார்களில் வந்திறங்கின. தூண்களோடு சேர்த்து நீளமான பாக்குமரங்களைத் தோளுயரத்தில் கட்டியிருந்தோம். ஆட்கள் உள்ளேயும் வெளியேயும் நிரம்பினார்கள்.

பாக் ஹமிட் ஒரு நாற்காலிமேல் ஏறி நின்று மலாயில் கட்டளை கொடுப்பது, ரேச்சல் ஒலிபெருக்கியில் அதைத் தமிழில் சொல்வது என்று ஏற்பாடு. எல்லாரும் மரத்தைப் பிடித்தார்கள்.  பாக் ஹமிட் கையை உயர்த்தினார். ரேச்சல் பதற்றத்தில் உரக்கக் கத்தினாள்:

"எல்லாரும் ஒண்ணா தூங்குங்க!"

 தமிழ் தெரிந்த அத்தனை பேரும் வெடித்துச் சிரித்தார்கள். மலாய்க்காரர்கள் என்ன என்று கேட்க, தமிழர்கள் விளக்க, அவர்களும் சிரித்தார்கள். மாரியம்மன் கோயில்காரர் ஒருவர், "தூங்கலாம்மா, மொதல்ல இதக் கொண்டுபோய் வச்சிருவோம்" என்றார். ரேச்சலின் முகம் சிவந்துவிட்டது. ஒலிபெருக்கியைக் கீழே வைத்துவிடுவாள் என்று நினைத்தேன். வைக்கவில்லை. மூச்சை இழுத்துவிட்டு, "தூ-க்-கு-ங்க" என்று எழுத்தெழுத்தாகச் சொன்னாள்.

ஜெபவீடு எழுந்தது.

அதை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. மரம் ஒருமுறை முனகியது. கற்களுக்கும் தூண்களுக்கும் நடுவில் வெளிச்சம் தெரிந்தது. அவ்வளவு காலம் கல்லுக்கு அடியில் இருந்த மண் கறுப்பாக, ஈரமாக இருந்தது. அன்னம்மா அக்கா வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். மெல்ல, நண்டு நகர்வதுபோல, அது நகர்ந்தது.

தோட்டச் சாலைக்கு வந்தபோது மழை பிடித்துக்கொண்டது. வெறும் தூறல் இல்லை, இந்த ஊர் மழை. கால் வழுக்க ஆரம்பித்ததும் பாக் ஹமிட் இறக்கச் சொன்னார். சாலையின் நட்டநடுவில் ஜெபவீடு உட்கார்ந்துவிட்டது. மழை விட்டதும் மறுபடி தூக்கப் பார்த்தோம். முடியவில்லை. களைத்துப் போயிருந்தார்கள். ஈரமரம் கனத்தது. மேற்கு மூலையில் இருந்த சில வயதானவர்கள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ஒதுங்கிவிட்டார்கள். இரண்டாவது முறையும் அந்த மூலை மட்டும் எழும்பவில்லை. வீடு சாய்ந்தது, எங்கேயோ ஓர் ஆப்பு படாரென்று தெறித்தது.  இன்னொரு முறை இப்படிச் சாய்ந்தால் சட்டம் பிளந்துவிடும் என்று எனக்குத் தெரியும்.

அதே நேரம் பின்னால் ஒரு லோரி ஒலியெழுப்பியது. செம்பனைக் குலை ஏற்றிய லோரி. ஓட்டுநர் தலையை நீட்டினார்.

"என்னா லா இது, ரோட்டுல வீட்ட வச்சிருக்கீங்க? பழம் மில்லுக்குப் போவணும்!"

அவர் பெயர் குணா என்று பிறகு தெரிந்தது. ரேச்சல் ஓடிப்போய் விஷயத்தைச் சொன்னாள். அவர் சாய்ந்து நிற்கும் மூலையைப் பார்த்தார். எஞ்சினை நிறுத்தினார். இறங்கி வந்து, தலைத்துண்டை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு, அந்த மேற்கு மூலையில் போய் நின்றார். அவர் பின்னால் லோரியின் உதவியாளும் வந்தார். வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த தமிழ்ப்பள்ளி ஆசிரியர்கள் இரண்டு பேரும் சட்டைக் கையை மடித்துக்கொண்டு வந்தார்கள்.

மறுபடி எல்லாரும் பிடித்தார்கள். பாரம் தூக்கும்போது வாய் தானாக எதையாவது சொல்லத்தான் செய்யும். மாரியம்மன் கோயில்காரர்கள் வருடா வருடம் தண்ணீர்மலைக்குக் காவடி எடுக்கிறவர்கள். அவர்களில் ஒருவர் பழக்கத்தில் "வேல்..." என்று தொடங்கிவிட்டுச் சட்டென்று நாக்கைக் கடித்துக்கொண்டார். எங்கள் மூப்பரைப் பார்த்தார். 

மூப்பர் வாயைத் திறப்பதற்குள் அன்னம்மா அக்கா முன்னால் வந்தார்.

"எதச் சொன்னா ஒங்களுக்குத் தூக்க வருதோ அதச் சொல்லுங்க தம்பி. ஆண்டவரு கோவிச்சுக்க மாட்டாரு. கீழ போட்டாத்தான் கோவிச்சுக்குவாரு."

பிறகு நான் கேட்டது என் ஆயுளுக்கும் போதும். ஒரு பக்கம் "வேல் வேல்", ஒரு பக்கம் "அல்லேலூயா", ஒரு பக்கம் மலாயில் அல்லாவின் பெயர், நடுவில் சாமான் கடைச் சீனரின் "ஒன் டூ ஒன் டூ". எல்லாம் கலந்து ஒரே இரைச்சலாக எழுந்தது. மேற்கு மூலை எழும்பியது. வீடு நேரானது. சாலையைக் கடந்து, பள்ளித் திடலைக் கடந்து, புதிய கற்களின்மேல், சொன்ன இடத்தில் போய் உட்கார்ந்தது.

கம்பத்துப் பெண்கள் நெய்ச்சோறு சமைத்திருந்தார்கள். திடலில் தாள் விரித்து எல்லாரும் சாப்பிட்டோம். குணா மட்டும் சாப்பிடவில்லை. பழம் கெட்டுவிடும் என்று சொல்லி லோரியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார். நன்றி சொல்லக்கூட ஆள் கிடைக்கவில்லை.

7

இதற்குப் பிறகு ரேச்சல் தனிச்சபைக்குத் திரும்பிவிட்டாள் என்று எழுத எனக்கு ஆசைதான். திரும்பவில்லை. இன்றும் பேரங்காடி மாடிக்குத்தான் போகிறாள். எப்போதாவது மாதத்தில் ஒரு ஞாயிறு அவளாகவே, "மா, நானும் வர்றேன் லா" என்பாள். ஏன் என்று நான் கேட்பதில்லை.

சுங்கை பாக்காப் ஜெபவீட்டில் தூக்கிய நாளின் கூட்டமும் நிலைக்கவில்லை. அடுத்த வாரமே கோலாலம்பூர்க்காரர்கள் கோலாலம்பூரில் இருந்தார்கள். தெறித்துப்போன ஆப்புக்குப் பதில் பாக் ஹமிட் புதிது செதுக்கி அடித்திருந்தார். தளப்பலகைகளும் தகரமும் திரும்ப ஏறியிருந்தன. அந்த ஞாயிறு நாங்கள் மூவரும் ஜார்ஜ்டவுனிலிருந்து பாலம் தாண்டிப் போனோம். அன்னம்மா அக்கா, மூப்பர், தோட்டத்தில் மிஞ்சிய சில குடும்பங்கள். வழக்கமான சொற்பம் பேர்தான். மேடையைச் சுற்றிப் பாயில் உட்கார்ந்தோம். மூன்று கதவும் திறந்திருந்தன.

பாட்டு முடிந்த நேரத்தில் பக்கவாட்டுக் கதவுக்கு வெளியே யாரோ செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டது. குணா நின்றிருந்தார். துவைத்த சட்டை, படிய வாரிய தலை.

அன்னம்மா அக்கா எழுந்து போனார். "வாங்க தம்பி, உள்ள வாங்க. அன்னிக்குச் சாப்புடாம போய்ட்டீங்களே."

"இல்லக்கா, நான் கும்புட வரல," என்றார் கூச்சத்தோடு. "இந்தப் பக்கமா வந்தேன். நான் புடிச்ச மூல எப்டி நிக்குதுன்னு பாத்துட்டுப் போலாம்னு."

மூப்பர் வேதப்புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டே காத்திருந்தார். நாங்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தோம். குணா படியேறி உள்ளே வந்தார். பாயை மிதிக்காமல் சுவரோரமாகவே நடந்து மேற்கு மூலைத் தூணுக்குப் போனார். மேலும் கீழும் பார்த்தார். பிறகு இரண்டு கையாலும் அதைப் பிடித்து, பலமாக ஒரு தள்ளு தள்ளினார்.

"ஆடல," என்றார்.